பாட்டு வாத்தியார் வாங்கிய சத்தியம்

சில வருடங்களுக்கு முன், திருவொற்றியூரில் ஒரு நடுநிலைப் பள்ளியில், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் அத்தனை பேரிடமும் 'இனிமேல் வெளியில் பாட மாட்டோம்' என்று சத்தியம் வாங்கினேன். அப்போது நான் செய்துகொண்டிருந்த முனைவர் பட்ட ஆய்வின் தலைப்பு, 'பாட்டின் வழியே மொழி கற்பித்தல்'. இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதுதான் என் புத்திசாலித்தனத்தின் முழு அழகும் எனக்கே தெரிகிறது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பாட வராது. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. ராயபுரத்தில் எங்கள் வீட்டில் நான் குளிக்கும்போது லேசாக முணுமுணுத்தால்கூடப் பக்கத்து வீட்டில் ஜன்னல் சாத்தப்படும் சத்தம் கேட்கும். அப்படிப்பட்டவன் ஏன் இந்தத் தலைப்பை எடுத்தான் என்று கேட்கலாம். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன். ஐம்பதை நெருங்கும்போது பார்க்கிறேன், சுற்றியிருந்த அறைகளின் பெயர்ப் பலகைகளில் எல்லாம் 'முனைவர்' முளைத்திருந்தது. என் பலகை மட்டும் மொட்டையாக நின்றது. சரி, நாமும் ஒன்று வாங்கிவிடுவோம் என்று கிளம்பினேன். எனக்கு வாய்த்த நெறியாளர் ஒரு காலத்தில் என்னிடமே பாடம் படித்தவர். அவர் என்னை 'சார்' என்பார், நானும் அவரை 'சார்' என்பேன். யார் யாருக்குப் பயப்படுவது என்பதில் கடைசிவரை இருவருக்கும் குழப்பம் இருந்தது.

ஆய்வு எளிமையானதுதான். ஒரே பள்ளியில் இரண்டு பிரிவுகள். ஒன்றுக்குப் பாட்டும் நடிப்பும் படமுமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்க வேண்டும். அடுத்த பிரிவு வழக்கம்போலப் புத்தகத்தைத் திறந்து படிக்கும். அரையாண்டுக்கு முன் இரண்டு பிரிவுக்கும் ஒரே தேர்வு. பாட்டுப் பிரிவு நன்றாகச் செய்தால் பாட்டு ஜெயித்தது, நானும் ஜெயித்தேன். ஒரே நிபந்தனை, பாட்டுப் பிரிவில் நடப்பது புத்தகப் பிரிவுக்குப் போய்ச் சேரக் கூடாது. சேர்ந்துவிட்டால் எதை எதோடு ஒப்பிடுவது?

அந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருந்தது. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் மூட்டையும் கம்பியும் தூக்க ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே நிறையப் படித்தார்கள். அவர்களுக்கு வீட்டில் தமிழ் கிடையாது. என் பிரிவில் கடைசி பெஞ்சில் அப்படி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒடிசாவிலிருந்து வந்து அதிக நாள் ஆகவில்லை. எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவாள். ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் ஒரே ஆட்டம்தான். அதற்குமேல் ஒரு சொல் வராது.

நான் எழுதிக்கொண்டு போன முதல் பாட்டு, கடையில் சாமான் வாங்குவது பற்றியது. 'அண்ணாச்சி, உங்களிடம் உப்பு இருக்கிறதா' என்று தொடங்கும். பாடிக் காட்டும் தைரியமில்லாமல் வாசித்துக் காட்டினேன். வகுப்பு என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, "சார், இப்டி கேட்டா அண்ணாச்சி போலீஸ்னு நெனச்சிகினு கடைய மூடிடுவாரு சார்" என்றாள்.

பிறகு அவர்களே பெஞ்சைத் தட்டித் தாளம் பிடித்து, கானா மெட்டில் அதைத் திருத்தினார்கள்.

அண்ணாச்சி அண்ணாச்சி உப்பு கீதா?
அரக்கிலோ போட்டாக்கா தப்பு கீதா?

செந்தமிழுக்காகப் பல வருடம் மேடையில் கம்பு சுற்றியவன் நான். 'இருக்கிறதா' தேய்ந்து 'கீதா' ஆனதைக் கேட்டதும் கை தானாகக் கம்பைத் தேடியது. அந்த நேரம் பார்த்துக் கடைசி பெஞ்சைக் கவனித்தேன். ஒடிசாப் பெண்ணின் விரல்கள் பெஞ்சில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. உதடு அசைந்தது. 'உப்பு கீதா' என்று அவள் வாயிலிருந்து வந்ததுதான் நான் கேட்ட அவளுடைய முதல் தமிழ். கம்பைக் கீழே போட்டேன். அதன்பின் எந்தப் பாட்டை எழுதினாலும் திருத்தும் வேலையை வகுப்பிடமே விட்டுவிட்டேன். பஸ்ஸில் இடம் கேட்கும் பாட்டு, மழைக்கு ஒதுங்கும் பாட்டு, டாக்டரிடம் போகும் பாட்டு என்று வரிசையாக வந்தன. டாக்டர் பாட்டு எல்லோருக்கும் பிடித்தது.

டாக்டரம்மா டாக்டரம்மா தலைய வலிக்குது
ராவெல்லாம் தூக்கமில்ல, ஒடம்பு கொதிக்குது

நெற்றியில் கை வைத்து, கண்ணைச் செருகி நடித்துக்கொண்டே பாட வேண்டும். ஒடிசாப் பெண் அதில் நட்சத்திரம். ஒரு நாள் அவள் நடித்த நடிப்பைப் பார்த்து எனக்கே காய்ச்சல் வந்துவிடும்போல இருந்தது. பள்ளியில் எனக்குப் 'பாட்டு வாத்தியார்' என்று பெயர் வந்துவிட்டது. எங்கள் தெருவில் கேட்டிருந்தால் சிரித்துச் செத்திருப்பார்கள்.

ஒரு சாயங்காலம் ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டிருந்தேன். வழியில் மளிகைக் கடை வாசலில் தாளச் சத்தம். எட்டிப் பார்த்தால், அந்த ஒடிசாப் பெண் பிஸ்கட் டப்பா மூடியில் தட்டிக்கொண்டு உப்புப் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறாள். உப்பு வந்தது. அப்புறம் புளியையும் எண்ணெயையும் தானே அந்த மெட்டுக்குள் செருகிக்கொண்டு வாங்கினாள். கடைக்கார அண்ணாச்சி, "பாடு தாயி, பாடுனாத்தான் பருப்பு" என்று தராசைப் பிடித்தபடி தலையாட்டினார். என் நெஞ்சு விம்மியது. இதற்குமேல் ஒரு ஆய்வாளனுக்கு என்ன வேண்டும்?

விம்மல் அடங்குவதற்குள் அவள் பக்கத்தில் நின்று கூடவே பாடிய பெண்ணைப் பார்த்தேன். அது புத்தகப் பிரிவுப் பெண். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பார்கள், ஒரே ஷேர் ஆட்டோவில் வருவார்கள். எனக்கு உப்புப் பாட்டு முழுதாகத் தெரியும், அந்தப் புத்தகப் பிரிவுப் பெண்ணுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

நியாயமாக நான் அங்கேயே துள்ளிக் குதித்திருக்க வேண்டும். எனக்கு என் ஒப்பீடு போச்சே என்றுதான் தோன்றியது. நெறியாளருக்குப் போன் போட்டேன்.

"சார், கசியுது" என்றேன்.

அவர் பதறிப்போய், "எந்தக் கம்பெனியில சார்? நீங்க மொதல்ல காத்தடிக்கிற பக்கமா நிக்காதீங்க" என்றார். சுற்றிலும் ரசாயன ஆலைகள் நிற்கும் எங்கள் பகுதியில் கசிவு என்றால் முதலில் மூக்கைப் பொத்துவோம், காரணமெல்லாம் அப்புறம்தான். விஷயத்தைச் சொன்னேன். "ஐயையோ, இது அதைவிட மோசம் சார். ரெண்டு குழுவும் கலந்துட்டா ஆய்வே செல்லாது. ஏற்கெனவே ஒரு தடவ கால நீட்டிப்பு வாங்கிட்டீங்க. தேர்வு முடியறவரைக்கும் எப்படியாவது அடைச்சு வைங்க" என்றார்.

எப்படியாவது என்றால் எப்படி? அன்று முழுக்க யோசித்து, மறுநாள் காலை வகுப்பில் போய் நின்றேன். "இந்தப் பாட்டெல்லாம் நமக்குள்ள ரகசியம். தேர்வு முடியறவரைக்கும் இந்த ரூமுக்கு வெளியே யாரும் பாடக் கூடாது. சத்தியமா?" என்றேன்.

"யாரு மேல சார்?" என்றது வகுப்பு.

நான் வெறும் சத்தியத்தைத்தான் கேட்டேன். அங்கே அப்படி ஒரு சரக்கே கிடையாது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நானும் வடசென்னையில் பிறந்து வளர்ந்தவன்தானே? சத்தியம் என்றால் அம்மா மேல் சத்தியம். மற்றதெல்லாம் பேச்சு. அம்மா இல்லாத ஒரு பையன், "நான் அத்தை மேல பண்ணிக்கிறேன் சார்" என்று அனுமதி வாங்கிக்கொண்டான். ஒவ்வொருவராக வந்து, "எங்கம்மா மேல சத்தியம்" என்று என் உள்ளங்கையில் அடித்துவிட்டுப் போனார்கள். ஒடிசாப் பெண்ணும் வந்தாள். மற்றவர்களைப் பார்த்துச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, அவர்களைவிட ஓங்கி அடித்தாள். வெளியே பாடினால் அம்மாவுக்கு என்ன ஆகும் என்பதைப் பக்கத்து பெஞ்சுப் பையன் வாசலைக் காட்டி, வாயைப் பொத்தி, கழுத்தில் விரலை இழுத்து அவளுக்கு விளக்கியிருந்தான்.

"நீங்களும் பண்ணுங்க சார்" என்றாள் முன் பெஞ்சுக்காரி. கை எரிந்துகொண்டிருந்தது. சிரித்துக்கொண்டே, "என் அம்மா மேல் சத்தியம்" என்று அவள் கையில் அடித்தேன். நான் வெளியில் பாடாமல் இருப்பதற்குச் சத்தியம் தேவையில்லை, அது ஊரே விரும்பும் விஷயம்.

கசிவு நின்றது. மளிகைக் கடையில் சத்தமில்லை. ஷேர் ஆட்டோவில் சத்தமில்லை. தெருக்குழாயில் குடம் நிறையும் சத்தம் மட்டும்தான். ஒரு வாரம் நான் ஸ்டேஷனுக்கு நடந்தபோது ஒரு சர்வாதிகாரியின் திருப்தியோடு நடந்தேன். ஒடிசாப் பெண் இரண்டு மூன்று நாளாக வரவில்லை என்பதை வருகைப் பதிவேட்டில் கவனித்தேன். அதற்குமேல் யோசிக்கவில்லை.

அதற்கடுத்த நாள் மத்தியானம், பள்ளி வராந்தாவில் மீன் சுமக்கும் அலுமினிய அன்னக்கூடை ஒன்று காலியாக 'டங்'கென்று வந்து இறங்கியது. கூடவே ஒரு குரல்.

"பாட்டு வாத்யாரு யாரு இங்க?"

மீன் விற்கும் அம்மா ஒருவர். கடையில் ஒடிசாப் பெண்ணோடு சேர்ந்து பாடிய அந்தப் புத்தகப் பிரிவுப் பெண்ணின் தாய். வியாபாரம் முடித்த கையோடு வந்திருந்தார். நான் முன்னால் போய் நின்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதானா? பாட்டு கத்துக் குட்த்தியே, அத்தோட வுட்டியா? அந்தக் கொயந்தைய ஊமையாக்கி வச்சிகினு இங்க இன்னா படம் வரைஞ்சிகினு கீற?"

எனக்குப் புரியவில்லை. அவர் அன்னக்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து சொன்னார். ஒடிசாப் பெண்ணின் அம்மாவுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். அவருக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. அப்பா மார்க்கெட்டில் லோடு ஏற்றப் போனால் இருட்டியபின்தான் வருவார். கடைக்குப் போவது, தெருவில் யாரிடமாவது ஒன்று கேட்பது எல்லாம் கொஞ்ச நாளாக இந்தப் பெண்தான், அந்தப் பாட்டு வரிகளை வைத்துக்கொண்டு. காய்ச்சலோடு அம்மாவும் பெண்ணும் கிளினிக் போயிருக்கிறார்கள். டாக்டர் என்ன என்று கேட்டால், பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். அம்மா தன் பாஷையில் கெஞ்சியும் திட்டியும் பார்த்துவிட்டு, வெட்கப்பட்டுப் பெண்ணை இழுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். அன்றிலிருந்து பெண் வாசலுக்கே வருவதில்லை. பெண்ணுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று வீட்டில் பயந்துவிட்டார்கள்.

"சனிக்கெயம அதோட சித்தப்பன் ஊருக்குப் போறானாம். அவன் கூடவே இந்தக் கொயந்தைய அனுப்சிட்றாங்களாம். இங்க காத்து ஒத்துக்கலையாம். போச்சின்னா திரும்பி வருமா அது? எம் பொண்ணு சோறு துன்ன மாட்டேன்னு உக்காந்துகினு கீது."

"அதுக்கும் எனக்கும்..." என்று ஆரம்பித்தேன்.

"ஏன் வாத்யாரே, நீ சத்தியம் வாங்கினியாமே? அம்மா மேல?"

பாட்டைச் சொல்லக் கூடாது என்றுதான் நான் சத்தியம் வாங்கியிருந்தேன். சத்தியம் வாங்கியதைச் சொல்லக் கூடாது என்று வாங்கவில்லை. அது முதல் நாளே தெரு முழுக்கத் தெரிந்திருந்தது.

"நாலு நாளு மின்ன அந்தக் கொயந்த தண்ணிக் கொயாண்ட குடத்த வச்சிகினு, மறந்துபோயி ரெண்டு அடி பாடிட்ச்சாம். எம் பொண்ணு பக்கத்துல நின்னுகினு கீது. சட்டுன்னு நாக்க கட்ச்சிகினு வாய்ல அட்ச்சிகிச்சாம். அன்னிக்கி சாங்காலம் அதும் அம்மாக்கு ஜொரம். இப்ப நீயே கூட்டிக் கயிச்சிப் பாரு."

கூட்டிக் கழித்துப் பார்த்தேன். அந்தக் குழந்தைக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் அந்தப் பாட்டுகள்தான். பாட்டு வெளியே வரக் கூடாது என்றால், அவளுக்குத் தமிழே வெளியே வரக் கூடாது. வாயைத் திறந்தால் அம்மா செத்துப்போவாள். வாயைத் திறக்காவிட்டால் அம்மாவுக்கு மருந்தில்லை. ஆராய்ச்சி உலகத்தில் யாரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இவ்வளவு கஷ்டமான வினாத்தாள் கொடுத்திருக்க மாட்டார்கள்.

தலைமை ஆசிரியையிடம் சொல்லிவிட்டு மீன்காரம்மாவின் பின்னாலேயே போனேன். இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய லைன் வீடுகள். ஒடிசாப் பெண்ணின் தாய் பாயில் சுருண்டு கிடந்தார். என்னைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துக்கொண்டு எழுந்து உட்கார முயன்றார். பெண் மூலையில் இருந்தாள். என் தலை தெரிந்ததுமே இரண்டு கையும் வாய்க்குப் போய்விட்டன. வாத்தியார் தணிக்கைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பாள்.

நான் அவள் எதிரில் உட்கார்ந்து, சத்தியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். காய்ச்சல் எப்படி வருகிறது என்பதையும் விளக்கினேன். அவளுக்கு ஒரு சொல் புரியவில்லை. அவளுக்குப் புரியும் தமிழை நானே பூட்டி வைத்துவிட்டு, புரியாத தமிழில் சாவியைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"கிருமிக் கதையெல்லாம் அப்பால சொல்லலாம்" என்று மீன்காரம்மா இடையில் புகுந்தார். "நீயும் உங்கம்மா மேல அட்ச்சி சத்தியம் பண்ணியாமே? நீ மொதல்ல ஒடை. வா வெளிய. பாடு."

"நானா?"

"பின்ன? ஒனக்கு ஒண்ணும் ஆவலன்னு அது கண்ணால பாக்க வாணாவா?"

வெளியே வந்தேன். மீன்காரம்மாவின் மகள் பெண்ணைக் கையைப் பிடித்து வாசல்வரை கூட்டி வந்தாள். பட்டப்பகல். எதிரில் கம்பி வெட்டிக்கொண்டிருந்தவர் மெஷினை நிறுத்தினார். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். ஐம்பது வயதில், சட்டையை உள்ளே விட்டு, பேனா செருகிய கோலத்தில், நெற்றியில் கை வைத்து, கண்ணைச் செருகி நான் பாடினேன்.

"டாக்டரம்மா டாக்டரம்மா தலைய வலிக்குது..."

ஒரு நாய் எழுந்து போனது. கம்பி வெட்டுகிறவர், "மாமு, மெய்யாலுமே வலிக்குது போல" என்றார். பெண் சிரிக்கவில்லை. கண் கொட்டாமல் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் கொஞ்சம் பொறுத்துத்தான் புரிந்தது. அவள் எனக்காகப் பயந்துகொண்டிருந்தாள்.

"இப்ப போடு போன, உங்கம்மாக்கு" என்றார் மீன்காரம்மா. "ஸ்பீக்கர்ல போடு."

போட்டேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்காமல் நின்றுவிட்டது.

வாசலில் நின்றவள் மறுபடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பெண்ணின் கண்கள் விரிந்தன. என்னிடம் இரண்டு எம்.ஏ. பட்டம் இருக்கிறது. மூடநம்பிக்கை ஒழிப்பு பற்றி வானொலியில் பேசியிருக்கிறேன். இருந்தும் இரண்டாவது முறை எண்ணைத் தப்பாக அழுத்தி, அழித்துவிட்டு மறுபடி அழுத்தினேன். ராயபுரத்தில் அம்மா அந்த நேரத்தில் தனியாகத்தான் இருப்பார். காலையில் லேசாக இருமினாரே, அது வெறும் இருமல்தானா? மணி அடித்தது. பக்கத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். நான் அறியாமலே, எடும்மா, எடும்மா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இன்னாடா?" என்று வெடித்தது போன். "சீரியல் பாக்கறப்ப அட்ச்சிகினே கீற?"

"ஒண்ணுமில்லம்மா. நல்லாயிருக்கியா?"

"காலைல தானே பாத்துட்டுப் போன? அதுக்குள்ள எனுக்கு இன்னா வந்துச்சி? குட்ச்சிகிறியா?"

"இல்லம்மா. பாடினேன்."

"எங்க?"

"தெருவுல."

அந்தப் பக்கம் சீரியல் சத்தம் குறைந்தது. பிறகு அம்மா சொன்னார், "அதுக்கு நீ குட்ச்சே இருக்கலாம்."

லைன் வீடு மொத்தமும் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் பெண் மெல்ல என் பக்கம் வந்தாள். வாயிலிருந்து ஒரு கையை எடுத்தாள். போனை உற்றுப் பார்த்தாள். இன்னொரு கையையும் எடுத்தாள். பாட்டின் அதே மெட்டில், குரல் உடைந்து, போனைப் பார்த்துக் கேட்டாள்.

"ஒடம்பு கொதிக்குதா?"

"யாரு கண்ணு அது?" அம்மாவின் குரல் அப்படியே மாறிவிட்டது. "எனக்கு ஒரு கொதியும் இல்லம்மா. கல்லு கணக்கா கீறேன்."

அந்தப் பதிலில் எத்தனை சொல் அவளுக்குப் புரிந்ததோ தெரியாது. அந்தக் குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆகவும் போவதில்லை என்பது புரிந்துவிட்டது. உள்ளே ஓடினாள். தாயின் நெற்றியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுகைக்கு நடுவே அவள் பாஷையில் ஏதோ கொட்டித் தீர்த்தாள். தாய் அவள் தலையைக் கோதிக்கொண்டே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கை கூப்பினேன்.

"இன்னா சார் நின்னுகினு கீற, ஆட்டோ புடி" என்று மீன்காரம்மா விரட்டினார்.

கிளினிக்கில் அந்தப் பெண் டாக்டரின் மேசையில் தாளம் போட்டுக்கொண்டு இரண்டு அடியையும் பாடினாள். டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். "எத்தனை நாளா?" என்று கேட்டார். அதற்குப் பாட்டில் வரி இல்லை. பெண் விரலைக் காட்டினாள். மாத்திரையும் ஊசியுமாகக் காய்ச்சல் இறங்கியது. சனிக்கிழமை சித்தப்பா தனியாகத்தான் ரயில் ஏறினார்.

கிளினிக் போன மறுநாளே வகுப்பில் எல்லோருக்கும் சத்தியத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தேன். கொடுக்கும் முறையையும் அவர்களே சொன்னார்கள். வாங்கிய கையால் அவரவர் கையில் அடித்துக் கொடுக்க வேண்டுமாம். அடித்தேன். மத்தியானச் சாப்பாட்டு மணிக்குள் புத்தகப் பிரிவு என் பாட்டுகளை எல்லாம் பாடியது. என் பிரிவைவிட நன்றாகவும் பாடியது.

நெறியாளருக்குப் போன் செய்தேன்.

"கசிஞ்சுடுச்சா சார்?"

"கசியல சார். நானே ஒடைச்சுட்டேன்."

முழுவதையும் கேட்டார். "உங்ககிட்ட இப்ப ஒப்பிட ஒண்ணுமே இல்லையே சார்" என்றார். பிறகு, பழைய மாணவனின் குரலில், "ஆனா நல்லதுதான் செஞ்சீங்க சார்" என்றார். அதற்கப்புறம் ஒரு நீட்டிப்பு, ஒரு புதிய தலைப்பு, இன்னொரு நீட்டிப்பு. பாட்டு வகுப்பறையைவிட்டு எப்படி வெளியேறுகிறது, கடைக்கும் குழாயடிக்கும் எப்படிப் போய்ச் சேர்கிறது என்று ஆய்வை மாற்றி எழுதினேன். பட்டம் வந்தது. பலகையும் மாறியது. அதைப் பார்க்கும்போது பெருமை வர வேண்டும். எனக்குச் சத்தியம் வாங்கிய உள்ளங்கைதான் எரிகிறது.

இப்போது என் மாணவர்கள் யாராவது ஆய்வுக்கென்று பள்ளிக்குக் கிளம்பினால் ஒன்று சொல்லி அனுப்புகிறேன். குழந்தைகளுக்கு என்ன கொடுக்கப் போகிறீர்கள் என்பதைப் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள், அவர்களிடம் என்ன கேட்கப் போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். நாம் விளையாட்டாகக் கேட்பதை அவர்கள் உயிரோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். அதோடு, ஒரு குழந்தைக்குத் தமிழ் கொடுத்தது என் பாட்டு என்கிற ஒரு சின்னக் கர்வமும் அந்த உபதேசத்துக்குள் மடித்து வைத்திருந்தேன். போன வருடம் வரைக்கும்.

போன வருடம் திருவொற்றியூரில் ஷேர் ஆட்டோ ஏறும் இடத்தில் டிரைவரோடு ஒரு பெண் மல்லுக்கு நின்றாள். "இன்னாண்ணே, மூணு பேரு ஒக்கார எடத்துல அஞ்சு பேர ஏத்துவ, அப்பால எங்களயே தள்ளி ஒக்காரு தள்ளி ஒக்காருன்னு சவுண்டு வுடுவியா?" டிரைவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அவள் திரும்பினாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "பாட்டு சார்!" என்றாள். அந்த ஒடிசாப் பெண்தான், நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். பின்னால் அவள் அம்மா, கையில் காய்கறிப் பையோடு, "நல்லாகீறீங்களா சார்?" என்றார். அன்று ஒரு சொல் தமிழ் தெரியாமல் பாயில் கிடந்த அதே அம்மா.

ஆனாலும் மனித புத்தி கேட்கிறதா? "எவ்வளவு அழகா தமிழ் பேசற! எல்லாம் அந்தப் பாட்டுல கத்துக்கிட்டதுதானே?" என்று கேட்டேன்.

அவள் என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தாள்.

"பாட்டா? அத்தெல்லாம் எப்பவோ மறந்து பூட்ச்சி சார். தண்ணி லாரியாண்ட சண்ட போட்டு சண்ட போட்டு வந்துட்சி."